‘எனக் கொள்வோம்’ என்றதும் கை உயர்த்தியவர்

அவர் ஒரு கணக்கை முழுதாக வாசித்து முடித்ததை நான் ஒருநாளும் பார்க்கவில்லை. இரண்டாவது வரிக்கு வருமுன்பே வலக்கை மேலே போய்விடும். போன கை கேள்விக்குப் பதில் வரும்வரை கீழே இறங்காது. அந்தக் கைக்குப் பக்கத்துக் கதிரையில் ஒரு குளிர்காலமும் ஒரு வசந்தமும் இருந்தவள் நான்.

எண்பதுகளின் நடுவில் டென்மார்க்கின் விபோர்க் நகரில், எங்களைப் போன்ற அகதிகளையும் வேலை இழந்த டேனிஷ்காரரையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு கொம்பியூட்டர் வகுப்பு நடத்தினார்கள். பச்சை எழுத்து மின்னும் திரை ஒன்றுக்கு இரண்டு பேர். முதற்பாதியில் நிகழ்தகவு, எண்ணும் முறைகள், கொஞ்சம் புள்ளிவிபரம். இரண்டாம் பாதியில் அவற்றுக்கே புரோகிராம் எழுத வேண்டும். கடைசியில், இரண்டு பேரும் சேர்ந்து செய்த வேலையை வைத்து வாய்மொழிச் சோதனை. அதில் நல்ல புள்ளி எடுத்தால் ஓஹூஸ் நகரத்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைக்கும். காலையில் ஒரு முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்பு மாற்றிவிட்டு, மத்தியானம் கையில் சவர்க்கார மணத்தோடு வகுப்புக்கு ஓடி வந்தவள் நான். எனக்கு வேண்டியிருந்தது அந்த இடம் ஒன்றுதான்.

வகுப்பில் தமிழர் நாங்கள் இருவர் மட்டுமே. அதனால் எங்களைச் சோடி சேர்த்துவிட்டார்கள். அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். ஊரில் காப்புறுதி முகவராக இருந்தவர். ஆங்கிலம் வாசிப்பார், கதைக்கச் சொன்னால் வாய் ஒட்டிக்கொள்ளும். டேனிஷ் இரண்டு பேருக்கும் புதிது, எனக்குச் சற்றுக் குறைவாகப் புதிது. ஆகவே அவருடைய கேள்விகளை எல்லாம் ஆசிரியைக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. ஆசிரியையின் பெயர் கிர்ஸ்டன். மரச் செருப்புப் போட்டு வகுப்பெங்கும் டக்டக்கென்று நடக்கும் உயரமான பெண். எந்தக் கணக்கையும் ‘இப்படி என்று வைத்துக்கொள்வோம்’ என்றுதான் தொடங்குவார். யாழ்ப்பாணத்தில் நாங்கள் படித்த புத்தகங்களில் ‘எனக் கொள்வோம்’ என்று இருக்குமே, அதுவேதான்.

“ஒரு இழுப்பறையில் கறுப்புக் காலுறையும் வெள்ளைக் காலுறையும் கலந்து கிடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இருட்டில் இரண்டை எடுத்தால்…”

கை உயர்ந்தது.

“பிள்ளை, ஏன் இருட்டில எடுக்கோணும் எண்டு கேளும்.”

“அண்ணை, அது கணக்கு.”

“கணக்கெண்டது விளங்குது. லைற் இல்லாத வீடோ, இல்லாட்டி லைற் போடப் பயமோ? கேளும்.”

கேட்டேன். முதல் நாள் வகுப்பு முழுவதும் சிரித்தது. கிர்ஸ்டனும் சிரித்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டைத் தொங்கலில் துடைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார். பகிடிக்குக் கேட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன். அந்த மனிதர் உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார்.

ஐந்து பேர் ஒரு வாங்கில் எத்தனை விதமாக அமரலாம் என்ற கணக்கு வந்தது. வகுப்பு நூற்றிருபது என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டது. நாங்கள் போகவில்லை. “ஐஞ்சு பேர் இருந்தால் அதில கதை பேச்சில்லாத ரெண்டு பேர் எண்டாலும் இருப்பினம். அவை பக்கத்தில இருக்க மாட்டினம். அதைக் கழிக்க வேண்டாமோ?” என்றார். அதற்கு வேறு கணக்கு இருக்கிறது, அடுத்த பக்கத்தில் வருகிறது என்று கிர்ஸ்டன் சொன்னார். “அப்ப அடுத்த பக்கத்தில வாற ஆக்கள் இந்தப் பக்கத்தில எங்க போனவை?” என்றார் அவர். இதை டேனிஷில் எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஏதோ சொன்னேன். கிர்ஸ்டன் என்னைப் பார்த்த பார்வையில் அவர்மேல் இருந்த சலிப்பில் பாதி என்மேலும் இருந்தது. கேள்வி அவருடையது, ஆனால் அது வந்தது என் வாயிலிருந்து. டேனிஷ்காரருக்கு நான்தான் ஓயாமல் தொல்லை கொடுக்கிறவள்.

வகுப்புக்கு வெளியிலும் அவர் அப்படித்தான். பச்சை விளக்கு எரியும்போது தெருவைக் கடக்க மாட்டார். சிவப்பிலும் கடக்க மாட்டார். பச்சையில் நின்று, இரண்டு பக்கமும் வாகனங்களின் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு சாரதியும் நிற்கிற எண்ணத்தில் இருக்கிறானா என்று நிச்சயித்து முடிப்பதற்குள் விளக்கு மாறிவிடும். பிறகு அடுத்த பச்சை. கொட்டும் பனியில் நான் அக்கரையில் நின்று கால் உதறிக்கொண்டிருப்பேன்.

“வாங்கோ அண்ணை, பச்சை.”

“எனக்குப் பச்சை எண்டு எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியுமோ?”

கடையில் முட்டைப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகத் தூக்கி அடிப்பக்கம் பார்ப்பார். எல்லாம் நல்லது என்று கண்ட பிறகு வேறு பெட்டி எடுப்பார். ஏன் என்று கேட்டால், “இதை நான் உருட்டிப் போட்டன். இனி இது முந்தி இருந்த பெட்டி இல்லை” என்பார். அவரோடு கடைக்குப் போவதை நான் நிறுத்தினேன். வகுப்பை நிறுத்த முடியாதே.

நியாயமாகச் சொன்னால், ஒரு நாள் அவர் கேட்டது கிர்ஸ்டனுக்குப் பிடித்தும் இருந்தது. குடும்பத்தை அழைப்பதற்கான விண்ணப்பத்தின் முடிவு சராசரியாக எட்டு மாதத்தில் வரும் என்று அலுவலகத்தில் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அவருடைய மனைவியும் மகளும் ஊரில் இருந்தார்கள். வகுப்பில் சராசரி பற்றிய பாடம் வந்த அன்று அவர் எழுந்து, “அந்த எட்டு மாசத்தில ஆறு மாசக்காரர் எத்தினை பேர், ரெண்டு வருசக்காரர் எத்தினை பேர் எண்டு ஏன் சொல்லீனமில்லை?” என்று கேட்டார். கிர்ஸ்டன் சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு, இதைத்தான் அடுத்ததாகப் படிப்பிக்கப் போகிறேன், பரம்பல் என்பது இதுதான் என்றார். எனக்குச் சற்று நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் அவருக்குப் பரம்பல் என்ற சொல் போதவில்லை. அந்தப் பரம்பலில் தான் எந்த இடத்தில் நிற்கிறார் என்று கேட்டார். அதை யாராலும் சொல்ல முடியாது என்றார் கிர்ஸ்டன். “அப்ப இதைப் படிச்சு என்ன?” என்றார் அவர். நான் அதை மொழிபெயர்த்தேன். நெஞ்சு பழையபடி உள்ளே போனது.

இந்த மனிதர் ஏன் இப்படி என்று எனக்கு ஒரே ஒரு தடவைதான் அவர் வாயால் தெரிந்தது. இடைவேளையில் கோப்பி மெசினுக்குப் பக்கத்தில் நின்றோம். நான் பொறுமையிழந்து, காப்புறுதி விற்ற ஆளுக்கு நிகழ்தகவு விளங்காவிட்டால் வேறு ஆருக்கு விளங்கும் என்று சற்றுக் காரமாகவே கேட்டுவிட்டேன்.

“விளங்கினபடியாத்தான் வித்தனான்” என்றார். “கொழும்பில ஒரு கடைக்காரர். எங்கட ஆள்தான். தீ விபத்துக்கு எழுதினன். எழுதேக்க அந்த மனிசன் ஒரு கேள்வி கேட்டவர். கலவரம் வந்தால் இது சேருமோ எண்டு. சேராது, ஆனா அதுக்கு இனி வாய்ப்பில்லை ஐயா எண்டு நான் சொன்னன். சிரிச்சுக்கொண்டு சொன்னனான். அவர் பேந்து கேக்கேல்லை. அடுத்த ஆடியில கலவரம் வந்து கடை எரிஞ்சது. மேல்மாடியில வீடு.”

வீட்டில் யார் இருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அவர் கோப்பியை ஊதிக் குடித்து முடித்துவிட்டு, “அந்த மனிசன் இன்னொருக்காக் கேட்டிருக்கலாம்” என்றார்.

அன்றைக்கு எனக்கு இரக்கம் வந்தது. ஆனால் அந்த இரக்கத்தை வைத்துக்கொண்டு சோதனையில் புள்ளி எடுக்க முடியாது. மாசி மாதம் முடிவதற்குள் நாங்கள் எல்லோருக்கும் பின்னால் இருந்தோம்.

சோதனைக்கான வேலையாக எங்களுக்கு விழுந்தது வழி தேடும் புரோகிராம். சில ஊர்கள், அவற்றுக்கிடையே சில பாதைகள், ஒவ்வொரு பாதைக்கும் ஓர் எண். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மொத்தம் குறைந்த எண் வருகிற வழியைக் கொம்பியூட்டர் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். நான் இரண்டு கிழமையில் எழுதிவிட்டேன். விபோர்க், ஓஹூஸ், ஓல்போர்க் என்று பக்கத்து ஊர்களைப் போட்டுப் பார்த்தேன், பிழையில்லாமல் ஓடியது. என் வாழ்க்கையில் அதுவரைக்கும் நான் செய்த எதுவும் அப்படி முதல் தடவையிலேயே ஓடியதில்லை. 

“இது என்ன ஊருகள்? உதுக்குப் பஸ் நேர அட்டவணை இருக்கு” என்றார் அவர். “எங்கட ஊரைப் போடும்.”

போட்டோம். யாழ்ப்பாணம், கொழும்பு, மொஸ்கோ, கிழக்கு பெர்லின், அங்கிருந்து கப்பல் ஏறும் துறைமுகம், டென்மார்க். அப்போது எங்களில் பலரும் வந்த வழி அதுதான். எந்த ஊர் எதனோடு சேரும் என்பதில் பிரச்சினை இல்லை. பாதைகளுக்கு என்ன எண் போடுவது என்பதில்தான் வந்தது. தூரத்தைப் போடலாம் என்றேன். தூரம் ஆருக்கு வேணும், ஆபத்தைப் போடும் என்றார். எண் எதைக் குறித்தாலும் புரோகிராமுக்கு ஒன்றுதான், உங்கள் விருப்பம் என்று கிர்ஸ்டனும் சொல்லிவிட்டார். அந்த ஒரு சொல்லை அவரிடம் சொல்லியிருக்கவே கூடாது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வகுப்பிலும் எண்கள் மாறின. ஊரிலிருந்து யாராவது டெலிபோன் எடுத்தால் மாறும். வானொலியில் ஏதாவது கேட்டால் மாறும். “வவுனியா றோட்டில ஆமிக்காரர் ஆக்களைப் பிடிக்கிறாங்களாம், அதுக்குப் பத்துக் கூட்டும்.” கூட்டுவேன். “இல்லை, பொம்பிளையளைப் பிடிக்கேல்லையாம், ஆறைக் குறையும்.” குறைப்பேன். கொம்பியூட்டர் ஒரு வழி சொல்லும். அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு அதை வாசிப்பார். “அதெல்லாம் சரி. இன்னொருக்காப் பாரும்” என்பார்.

“எத்தினை தரம் பார்த்தாலும் அதே எண்ணுக்கு அதே வழிதான் அண்ணை வரும்.”

“எண் பிழையாயிருந்தால்?”

“அப்ப சரியான எண்ணைச் சொல்லுங்கோ.”

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு விளங்க அவ்வளவு காலம் எடுத்தது. அவர் சோதனைக்கு வேலை செய்துகொண்டிருக்கவில்லை. டென்மார்க் எல்லையை இறுக்கப் போகிறார்கள் என்று எங்கும் கதை அடிபட்டுக்கொண்டிருந்தது. விண்ணப்பத்தை நம்பி மனைவியையும் மகளையும் ஊரில் வைத்திருப்பதா, இல்லை எல்லை பூட்டுவதற்குள் புறப்படச் சொல்வதா, புறப்பட்டால் எந்த வழியால் என்று அந்தப் பச்சைத் திரையிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

விளங்கிய பிறகும் எனக்குக் கோபம் குறையவில்லை. உண்மையைச் சொன்னால் கூடியது. “உங்கட வீட்டு அலுவலை வீட்டில யோசியுங்கோ. இது எனக்கும் சோதினை” என்று சொன்னேன். அவர், “ஓம் பிள்ளை, ஓம்” என்றார். மறுநாள் வந்து மொஸ்கோவுக்கு இரண்டு கூட்டச் சொன்னார்.

சோதனைக்கு ஒரு கிழமை இருக்கையில் அவர் வகுப்புக்குப் பிந்தி வந்தார். குல்லாவைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார். மனைவி மெட்ராஸிலிருந்து டெலிபோன் எடுத்ததாகச் சொன்னார்.

“மெட்ராஸிலயோ? எப்பிடி?”

“வள்ளத்தில. பிள்ளையையும் கொண்டு கடலால வந்திட்டாள். கடல் வழி நாங்கள் போடவே இல்லையே. எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை.”

“ஏன் சொல்லேல்லையாம்?”

“உங்களைக் கேட்டால் அடுத்த வருசமும் பார்த்துக்கொண்டுதான் இருப்பியள் எண்டாள்.” அதை அவர் தன் மனைவியின் குரலிலேயே சொன்னார். அங்கிருந்து எங்கே, எப்போது, யாரோடு வருகிறார் என்று அவருக்கும் தெரியாது. பேசிக்கொண்டிருக்கும்போதே தொடர்பு அறுந்துவிட்டதாம்.

சோதனை அறையில் பச்சைத் துணி விரித்த மேசை. ஒரு பக்கம் கிர்ஸ்டன், அருகில் வெளியூரிலிருந்து வந்த பரீட்சகர், வெள்ளைத் தாடியோடு நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். நான் புரோகிராமை விளக்கினேன். எல்லாம் நன்றாகப் போனது. தாடிக்காரர் அவர் பக்கம் திரும்பி, இந்தப் பாதைகளுக்கு ஏன் இந்த எண்களைத் தெரிந்தெடுத்தீர்கள் என்று மெதுவாகக் கேட்டார். மிகச் சுலபமான கேள்வி. தூரம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். வரும் வழியெல்லாம் நான் அவருக்கு அதைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

“இதில ஒரு எண்ணும் எனக்குத் தெரியாது எண்டு சொல்லும்” என்றார் அவர்.

“அண்ணை.”

“சொல்லும் பிள்ளை. என்ர மனுசி இப்ப எந்த இடத்தில நிக்கிறாள் எண்டும் எனக்குத் தெரியாது. இந்தப் பெட்டிக்கும் தெரியாது. அவருக்குத் தெரியுமோ எண்டு கேளும்.”

சொன்னேன், ஒரு சொல் குறையாமல். தாடிக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். அவரை ஆறுதல்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, சரி, இதை விட்டுவிட்டுச் சுலபமாக ஒன்று பார்ப்போம், நான்கு ஊர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம் என்றார். அதை நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. டேனிஷில் அந்த ஒரு வசனம் அவருக்கு நன்றாகவே தெரியும். கதிரையைப் பின்னால் தள்ளி எழுந்து, இருவருக்கும் தலை குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு வெளியே போனார்.

அவர் சோதனையில் சித்தியடையவில்லை. எனக்குச் சித்தியடையும் ஆகக் குறைந்த புள்ளி. சேர்ந்து செய்த வேலை, பாதிதான் நிறைவாக இருந்தது என்றார்கள். ஓஹூஸுக்கு அது போதாது. நடைபாதையில் அவர் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். நான் கத்தினேன். ஒரு வருசத்தைத் தின்றுவிட்டீர்கள் என்றேன், வேறும் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “உமக்கு அடுத்த வருசமும் சோதினை இருக்கும் பிள்ளை” என்றார். அது உண்மை. அதனாலேயே அவர் முகத்தை இனிப் பார்ப்பதில்லை என்று வீட்டுக்குப் போனேன்.

அடுத்த வருடம் ஒரு டேனிஷ் பெண்ணோடு சோடி சேர்ந்து அதே சோதனைக்குப் போனேன். அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பக்கத்து ஊர்களைப் போட்டோம், நல்ல புள்ளி எடுத்தோம், ஓஹூஸுக்குப் போனேன். அவர் குடும்பம் பிறகு தலைநகருக்கு அருகே இஷொய் பக்கம் மாறிப் போனதாகக் கேள்விப்பட்டேன். நான் அவரைக் கடைசியாகக் கண்டது அதற்கெல்லாம் முன்பு, முதற் சோதனை முடிந்த அந்தக் கோடையில்.

எல்லை இறுகுவதற்குச் சற்று முன்னால் அவருடைய மனைவி மகளோடு வந்து சேர்ந்துவிட்டார். அவர் என் வீட்டுக் கதவைத் தட்டி, “மனுசி உம்மைப் பார்க்கோணுமாம். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாரும்” என்றார். அவருக்காகப் போகவில்லை. அவரைக் கேட்காமல் புறப்பட்ட அந்தப் பெண்ணைப் பார்க்கப் போனேன்.

மெலிந்த, கையும் வாயும் கெதியான பெண். கதைத்துக்கொண்டே சோறு போட்டார், கதைத்துக்கொண்டே மகளின் தலையைத் தடவினார். மகளுக்கு ஐந்து வயதிருக்கும். தகப்பனிடம் இன்னும் முழுதாகச் சேரவில்லை. தாயின் சட்டையைப் பிடித்தபடி அவரைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். இரவுச் சாப்பாட்டு நேரமாகியும் வெயில் இன்னும் மேசையில் கிடந்தது.

அவர் விடவில்லை. சாப்பாட்டின் நடுவே ஒவ்வொரு இடமாகக் கேட்டுக்கொண்டு வந்தார். பெர்லினில் பிழையான ரயிலில் ஏறியிருந்தால்? மொஸ்கோவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்திருந்தால்?

“வரேல்லைத்தானே” என்றார் மனைவி.

“ஒருக்காத் தப்பி வந்ததை வைச்சு, வந்த வழி சரி எண்டு சொல்லேலாது.”

“நான் சரி எண்டு சொன்னனானோ? வந்திட்டன் எண்டுதான் சொன்னனான். சாப்பிடுங்கோ.”

எனக்குச் சிரிப்பு வந்தது. இனி இந்தக் கேள்விகளை மொழிபெயர்க்கும் வேலை எனக்கில்லை என்ற நிம்மதியும் வந்தது. அவர் ஒரு கவளம் வாயில் வைத்து விழுங்கிவிட்டுத் திரும்பவும் தொடங்கினார்.

“கடல் எப்பிடி? வள்ளத்தில கன ஆக்களோ?”

“எங்கட வள்ளத்தில இருபது பேர் வரும்.”

“எங்கட வள்ளம் எண்டால்? வேற வள்ளமும் வந்ததோ?”

மனைவி மகளின் சோற்றுக் கோப்பையில் மீனைப் பிய்த்து வைத்தார். “மூண்டு வள்ளம் ஒண்டா வெளிக்கிட்டது” என்றார். “கரைக்கு ரெண்டு வந்தது.”

அவர் வாய் திறந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே, எப்படி, எந்த வள்ளம், அதில் முதலில் ஏற இருந்தீர்களா, பிறகு மாறி ஏறினீர்களா என்று அவரிடமிருந்து வரப்போகும் எல்லாக் கேள்விகளையும் நானே மனதில் எண்ணிவிட்டேன். ஒன்றும் வரவில்லை. வாய் மூடியது. மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் எட்டி மகளின் கோப்பையைத் தன் பக்கம் இழுத்து, தாய் பிய்த்து வைத்த மீனிலிருந்து முள்ளை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினார். நெடுநேரம் எடுத்தார். பிள்ளை தாயின் சட்டையை விட்டுவிட்டு, மெல்ல அவர் பக்கம் நகர்ந்து, அவர் விரல்களைப் பார்த்தபடி காத்திருந்தாள்.